எக்ஸுக்கும் வீக்கும் நடுவே

நூறு பேருடைய ஸ்கேன் படங்களை ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் இடம் மாற்றிவிடுவாள் இவள். மின்னலே வந்து பாடம் கேட்டுப் போனது. சரி, மின்னல் வரவில்லை. எக்ஸ்ரே அறைக்காரர்தான் வந்தார். கொட்டாவியும் சற்று நீளமானதுதான்.

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ‘கட்-பேஸ்ட் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். மெஷின் எடுக்கும் படங்கள் ‘இன்று’ என்ற ஃபோல்டரில் வந்து விழும். அவற்றை வெட்டி, அந்தந்த நோயாளியின் எண்ணுள்ள ஃபோல்டரில் ஒட்ட வேண்டும். கன்ட்ரோல் எக்ஸ் அழுத்துவாள். எண்ணைத் தட்டினால் திரை அந்த ஃபோல்டரில் போய் நிற்கும். என்டர், கன்ட்ரோல் வி. முடிந்தது.

அந்த வேகத்தைத் திறமை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது பயம். எக்ஸுக்கும் வீக்கும் நடுவில் படங்கள் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் அந்தரத்தில் தொங்குவதாக அவளுக்கு ஓர் எண்ணம். ஒட்டி முடிக்கும்வரை மூச்சு விடமாட்டாள். வீட்டில்கூட அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினால் கீழே வைக்கும்வரை யாருக்கும் பதில் வராது. “அம்மா இன்னும் பேஸ்ட் பண்ணல, கொஞ்சம் இருங்கப்பா” என்பாள் மகள்.

அன்று பதினொரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, 4173 காலியா இருக்கு. சிறுநீரகத்துல கல்லு. எந்தப் பக்கம்னு படத்தப் பாத்தாத்தான் தெரியும். ஆள மேஜை மேல ஏத்தியாச்சு.”

“காலியா இருக்காதும்மா. காலையில நான்தான போட்டேன்.”

“போட்டீங்க. எங்க போட்டீங்கன்னுதான் டாக்டர் கேக்குறார்.”

திறந்து பார்த்தாள். திரை வெறும் வெள்ளையாக இருந்தது. ‘இன்று’ ஃபோல்டரிலும் அந்த ஆறு படங்கள் இல்லை. செய்ததைத் திருப்பிப்போடும் கன்ட்ரோல் இஸட்டை அழுத்தினாள். நடுவில் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்ததில் அது எல்லாவற்றையும் மறந்திருந்தது. ஸ்கேன் மெஷினோ, படங்களை அனுப்பிய கையோடு தன்னிடமிருப்பதை அழித்துவிடும். மறுபடி எடுக்கலாமென்றால், மெக்கானிக் அதைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

எட்டாயிரம் ஃபோல்டர்கள். எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். எதிலும் இல்லாமலும் இருக்கலாம்.

“வலி எந்தப் பக்கம்னு அவரையே கேக்கக் கூடாதா?”

“கேட்டோம். ரெண்டு பக்கமும்ங்கிறார்.”

நல்ல சிறுநீரகத்தில் கத்தி இறங்குவது அவள் கண்முன் ஓடியது. பதற்றத்தில் எண்ணை மாற்றித் தட்டியிருப்போமோ என்று மறுபடி ஆரம்பித்தாள். நாலு, ஒன்று. போன் அடித்தது.

“கிடைச்சுதாம்மா?” டாக்டரின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது.

“தேடிட்டிருக்கேன் சார்.”

“காய்ச்சல் ஏறுது அவருக்கு. நாளைக்குன்னு தள்ளிப்போட முடியாது.”

போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டினாள். ஏழு, மூன்று. திரை 7300இல் போய் நின்றது.

அவள் அதையே வெறித்துப் பார்த்தாள். தட்டுகிறவள் நடுவில் நின்றால், இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் தட்டியதைக் கைகழுவிவிட்டு, பின்னால் வருவதைப் புது எண்ணாக எடுத்துக்கொண்டு, 73இல் தொடங்கும் முதல் ஃபோல்டருக்குப் போய்விடுகிறது. காலையிலும் நாலு, ஒன்றுக்கு அப்புறம்தான் போன் அடித்தது; ஏதோ அவசரம் என்று வழக்கத்தை மீறி எடுத்தால், மகள் வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டிருந்தாள்.

7300ஐத் திறந்தாள். பத்துப் படங்கள். யாரோ ஒரு அம்மாளுடைய நாலோடு, தொலைந்த ஆறும் கலந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் மூட்டம். ஓரத்தில் பொடி எழுத்தில் நோயாளி எண் மட்டும்தான் வித்தியாசம்.

“நீயே படி சிஸ்டர். என் கண்ண நான் நம்பல.”

“நாலு, ஒண்ணு, ஏழு, மூணு,” என்று நர்ஸ் ஆறு தடவை படித்தாள். அடையாளம் வைத்து எக்ஸ் அழுத்தியதும் ஆறும் மங்கின. மறுபடி அடிக்காதபடி போன் ரிசீவரை எடுத்துக் கீழே போட்டாள். எண்ணை ஒரே மூச்சில் தட்டினாள். திரை போய் நின்ற ஃபோல்டரின் எண்ணை நர்ஸை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அப்புறம்தான் வி.

ஒரு படத்தைப் பெரிதாக்கியதும் கல் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. “இடது பக்கம்,” என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் தியேட்டருக்கு ஓடினாள்.

ஒரு மணிக்குக் கல் வெளியே வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவளுக்கும் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

“இதுல என்ன இருக்கு. ஒரு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்துட்டேன்.”

நர்ஸ் டப்பாவை மூடினாள். “இருபத்திரண்டு நிமிஷம்க்கா. கடிகாரத்தப் பாத்துக்கிட்டுதான நின்னேன். மேஜை மேல படுத்திருந்த மனுஷன், ‘நான் வேணா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா’ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டாராம்.”