பாட்டுப் புத்தகத்தின் கடைசி வரி

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் போனதோடு சரி. வயசாகிவிட்டது, பாதி மறந்தும் போயிற்று. முன்பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு மிளகாய் மண்டி, மாடியில் வீடு. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். கல்யாணமான எட்டாம் மாதம் மாமா சிலோனுக்குக் கப்பலேறினார். இரண்டு கடிதம் வந்ததாம். அதன்பிறகு ஆறு வருஷம் ஒன்றுமில்லை. அவர் அங்கே இருக்கிறாரா, இல்லையா என்றுகூடச் சொல்ல ஆளில்லை.

அத்தையைச் சினிமாவுக்கு அழைத்துப் போக மாட்டார்கள். புருஷன் இல்லாமல் இருக்கிறவளைக் கொட்டகையில் கண்டால் நாலு பேர் பேசுவார்கள் என்பது அம்மாவின் பயம். ஆனால் மாலைக் காட்சிக்கு முன்னால் கொட்டகையில் ரெக்கார்டு போடுவார்கள். அது எங்கள் மாடிக்கு நன்றாகக் கேட்கும். அத்தை அப்படியே நூறு பாட்டு கற்றுக்கொண்டாள். அந்த வருஷம் அவள் வாயில் ஓயாமல் கிடந்தது ஒரு கிணற்றடிப் பாட்டு. கப்பலில் போனவனை நினைத்து ஒருத்தி பாடுவது.

சரக்குக் கட்ட அப்பா பழைய காகிதம் வாங்குவார். ஒரு நாள் அந்தக் கட்டுக்குள், கொட்டகை வாசலில் விற்பார்களே, அந்த மாதிரி ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம் கிடந்தது. அட்டை கிழிந்திருந்தது. உள்ளே அந்தக் கிணற்றடிப் பாட்டு இருந்தது. படமோ கொட்டகையை விட்டுப் போய் மாதக்கணக்காகியிருந்தது. அத்தைக்கு எழுத்துத் தெரியாது. மத்தியானம் மிளகாய்க் காம்பு கிள்ள உட்கார்ந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, பாட்டு கெடக்கட்டும். கதைய வாசி.”

அந்தப் புத்தகங்களில் முதலில் கதைச் சுருக்கம் இருக்கும். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். கட்டினவன் கப்பலேறுகிறான். அவள் காத்திருக்கிறாள். பணக்காரன் ஒருவன் பெண் கேட்டு வருகிறான், அவள் மறுக்கிறாள். ஊர் அவளைப் பழிக்கிறது. அப்புறம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டு, கோடு போட்டு முடித்திருந்தார்கள். எல்லாப் பாட்டுப் புத்தகமும் அப்படித்தான் முடியும். அப்போது எனக்கு அது தெரியாது.

“பொறவு?”

“அவ்வளவுதான் அத்த.”

“அவன் வந்தானா இல்லியா? அதச் சொல்லாம ஒரு புஸ்தகமா? நாலாங் கிளாஸ் படிச்சு இதுதான் லட்சணமோ?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, “வந்தான்னு போட்டிருக்கு. வந்து கூட்டிக்கிட்டுப் போனான்,” என்றேன்.

அத்தையின் கை நின்றது.

“நல்லாப் பாத்துச் சொல்லு மக்கா. வந்தானா?”

“வந்தான்.”

அவள் மறுபடி காம்பு கிள்ள ஆரம்பித்தாள். நான் தெருவில் விளையாட ஓடிவிட்டேன்.

அந்த வாரம் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னது, என் கல்யாணத்துக்கும் பிறகு. விதுரா என்கிற மலையோர ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் ஒருவர் வாராவாரம் எங்களிடம் சரக்கெடுக்க வருவார். மனைவி இறந்தவர், அதிர்ந்து பேசாதவர். அவர் அத்தையைக் கேட்டிருக்கிறார். எங்கள் சாதியில் அறுத்துக்கட்டுவது உண்டு. பெரியவர்கள் முன்னால் பழைய தாலியைத் தீர்த்துவிட்டு வேறொருவர் கட்டுவார். அம்மாவின் சித்தியே அப்படி வாழ்ந்தவள்தான். அப்பா அத்தையிடம், “வெள்ளிக்கிழம அவரு வருவாரு. ஒனக்குச் சம்மதம்னா சொல்லு, இல்லன்னா வேண்டாம்,” என்று விட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அத்தை வேண்டாம் என்றாள்.

மறு வருஷம் அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். கைக்குழந்தையோடு மண்டிக்கு வந்தபோது அத்தைதான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமா வரவே இல்லை. அத்தை எங்கள் வீட்டிலேயே கிடந்து, ஐம்பது வயசு ஆவதற்குள் செத்துப்போனாள். கழுத்தில் அந்தத் தாலி இருந்தது. தகரப் பெட்டியில் அந்தப் புத்தகமும் இருந்தது.

இப்போது மகன் வீட்டில் டிவியில் பழைய படம் ஓடும்போது, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பேத்தி சிரிக்கிறாள். “இவளுக்கு வேற பணி ஒண்ணும் இல்லே அம்மச்சி? அவன் போயி, இவ எதுக்கா இருந்து பாடுறா?” அந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் அப்படித்தான் பாடினார்கள். அறுத்துக்கட்டினவள் ஒருத்திகூடப் பாடி நான் கேட்டதில்லை. பேத்தி பார்க்கிற படங்களில் பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறாள். பாட்டை வேறு யாரோ பின்னால் பாடுகிறார்கள். அத்தை அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

அவள் அன்று என்னிடம் கதையா கேட்டாள்? ஒன்பது வயசில் எனக்கு அது விளங்கவில்லை. வாசிக்கத் தெரியாதவள் என்று சொல்லிவிடுவாளே என்பதுதான் என் கவலை.

படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. சிலோன் என்று நான் எழுதியதும் சரிதானா, பினாங்கா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பத்திரிகையில் போடுமுன் என் தம்பியிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கிணற்றடிப் பாட்டு உள்ள அந்தப் படத்தை யாராவது பார்த்திருந்தால், கடைசியில் அவன் வந்தானா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.