எலக்ட்ரீஷியன் விசாவில் ஒரு பௌலர்

குவைத்தின் ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை சாஃப்ட்பால் கிரிக்கெட் பார்க்கிறவர்களில் வீரபாண்டியைத் தெரியாதவர் கிடையாது. பரமக்குடிப் பக்கத்து ஆள். கால் கட்டைவிரலைக் குறிவைத்து டென்னிஸ் பந்தை இறக்கினால், எப்பேர்ப்பட்ட கொம்பனும் குதித்துத்தான் ஆக வேண்டும். பதினோரு வருடம், ஒன்பது கோப்பை.

விசாவில் அவர் எலக்ட்ரீஷியன். அட, அது சும்மா! கீழக்கரைக்காரரான மேனேஜர் செய்கு அலாவுதீன் ஊர் டோர்னமென்டில் அவர் பந்தைப் பார்த்துச் சொக்கிப்போய், கம்பெனி டீமுக்காகவே கூட்டி வந்தார். அப்போது காலியாக இருந்தது எலக்ட்ரீஷியன் விசா, அதில் ஏற்றிவிட்டார். ட்யூட்டி என்றால் பகலில் ஸ்டோரில் உட்காருவது, சாயந்திரம் பந்து போடுவது.

கூடத் தங்கியிருந்த மணிகண்டன் நிஜமான எலக்ட்ரீஷியன். "அண்ணே, சும்மாதான உக்காந்திருக்கீக, வயரு வேலையக் கத்துக்கங்கண்ணே" என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். "என் கைக்குப் பந்து போதும்டா" என்பார் வீரபாண்டி. கேட்டாரா மனுஷன்?

அலாவுதீன் நெஞ்சுவலி வந்து ஊரோடு போய்விட்டார். புது மேனேஜர் அக்ஷய் முதல் வேலையாக டீமைக் கலைத்தார். அடுத்து, வேலை தெரிந்தவனுக்குத்தான் விசா புதுப்பிப்பு என்று எல்லோருக்கும் டெஸ்ட் வைத்தார். விசா போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாற்பத்தொரு வயதில் ஊரில் போய் என்ன செய்வது?

புதன்கிழமை வீரபாண்டி முன்னால் ஒரு போர்டும் நாலு வயரும் வைத்தார்கள். ஸ்க்ரூடிரைவர் கையில் நிற்கவில்லை. ஃபோர்மேன் உதட்டைப் பிதுக்கினார். அக்ஷய் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "கேன்சல். நெக்ஸ்ட்" என்றார்.

அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. கோபமும் வரவில்லை. மெஸ்ஸில் சோறு போட்டார்கள், தின்றார். உடம்பெல்லாம் மரத்துப்போன மாதிரி இருந்தது. மனைவி ஜோதிமணிக்கு ஃபோன் போட்டு, மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஃபைனலுக்கு வேறொரு டீம் கூப்பிட்டது. மறுக்கத் தோன்றவில்லை, போனார். கடைசி ஓவரில் மூன்று விக்கெட். தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எப்போது இறக்கிவிடுவார்கள் என்றுதான் இருந்தது அவருக்கு.

கோப்பை கொடுக்க விருந்தினராக வந்திருந்தவர் அக்ஷய். கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"சூப்பர் ப்ரதர்! என்னா பௌலிங்! நீங்க எந்தக் கம்பெனி?"

"ஒங்க கம்பெனிதான் சார்" என்றார் வீரபாண்டி. "புதன்கிழமை கேன்சல் பண்ணீகளே, அந்த எலக்ட்ரீஷியன்."