துண்டுக்கடியில் ஒரு ஈரல் பேரம்

என் அக்கா வீட்டுக்காரர் அரங்கசாமி பொள்ளாச்சிச் சந்தையில் முப்பது வருஷமாக மாட்டுத் தரகர். பல்லைப் பார்த்து மாட்டின் வயசும், சுழியைப் பார்த்துக் குணமும் சொல்வார். பாதிக்குமேல் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்கிற தோரணையில் மாடே நம்பிவிடும்.

விலையை மட்டும் வாயால் பேச மாட்டார். தோள் துண்டை எதிராளியின் கைமேல் போட்டு, அதற்கடியில் விரல் பிடித்துத்தான் பேசுவார்; பிடிக்கிற விரல்களின் கணக்குதான் விலை. அங்கே பேசியது பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது என்பது தொழில் தர்மம். இவ்வளவு ரகசியம் காத்தும் தரகில் மனுஷன் முன்னுக்கு வரவே இல்லை. ஏன் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை.

போன வருஷம் அவருக்குப் பசி செத்துப்போய், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்து, ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். ஈரலில் புற்றுநோய். நானும் அக்கா தெய்வாத்தாளும் அவரோடு போய் உட்கார்ந்தோம். அறுவை சிகிச்சை டாக்டர் கிருபாசங்கர் பொறுமையாக விளக்கினார்.

"ஈரல் செல்லுல வாரது ஒரு ரகமுங்க. ஈரலுக்குள்ள ஓடற பித்தக் குழாய்ல வாரது வேற ரகம். உங்களுக்கு ரெண்டும் ஒரே கட்டியில கலந்திருக்குது. ரொம்ப அபூர்வமுங்க."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கலப்பினமுங்களா?"

"அப்படியும் சொல்லலாமுங்க."

வந்தது வினை. நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "சாதாரண சரக்கு இல்லீங்க, கலப்பினம்," என்று பீற்றிக்கொண்டார். தனக்கு ஈரலில் கொழுப்பு என்று சொன்ன பக்கத்துத் தோட்டத்துப் பாலுசாமியை ஏதோ நோஞ்சான் கன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் ஊசலாடும்போது என்ன பவிசு வேண்டிக்கிடக்கிறது?

ஆபரேஷனுக்கு மட்டும் ஒப்பவில்லை. அடுத்த தடவை போனபோது டாக்டரைச் சுற்றி வந்து பின்மண்டையைப் பார்த்தார். "சுழி சுத்தம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, டாக்டர் கைமேல் துண்டைப் போட்டார்.

"எவ்வளவு அறுப்பீங்க? இதுக்குள்ளயே சொல்லுங்க."

டாக்டர் உடுமலைக்காரர். சந்தை பார்த்தவர். கையைக் கொடுத்தார். மச்சான் உள்ளே நாலு விரலைப் பிடித்தார் போல; டாக்டருக்கு வாய் நிற்கவில்லை.

"நாலெல்லாம் கட்டாதுங்க. ஆறு. வலது பக்கம் முழுசா, நூத்துக்கு அறுபது பங்கு எடுக்கோணும். ஓரத்துல துளி நின்னாலும் மறுபடி வந்துபோடும். மிச்ச ஈரலு நல்லா இருக்குது, மூணு மாசத்துல பெரும்பாலும் வளந்துக்கும்."

"பேரத்தை வாயால சொல்லாதீங்க," என்று மச்சான் கடிந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அறுத்த பொறகு, அஞ்சு வருஷம் கழிச்சு, பத்துப் பேர்ல எத்தனை பேருங்க இருப்போம்?"

துண்டு மெல்ல அசைந்தது. இந்தத் தடவை டாக்டர் வாயைத் திறக்கவில்லை. மச்சான் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. செருப்பில் இடது கால் கட்டைவிரல் மட்டும் சில தடவை தட்டி நின்றது. பாவம், பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாள் குறிச்சுபோடுங்க," என்றார்.

கதவோரம் நின்ற அக்கா, "டாக்டரு என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள்.

"தொழில் ரகசியம் அம்மணி."

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. கட்டி முழுசாக வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றாம் நாள் மச்சான் கண்ணைத் திறந்து, வெட்டி எடுத்த கலப்பினத்தைக் காட்டச் சொல்லி நர்ஸிடம் தகராறு செய்தார். அக்கா அவர் துண்டை எடுத்து, அவர் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டாள்.

"ஏனுங்க, பத்துப் பேர்ல டாக்டரு புடிச்சது நாலுதானுங்க?"

மச்சான் திடுக்கிட்டார். "யாரு சொன்னாங்க?"

"உங்க கால் கட்டைவிரலு. நாலு தட்டுத் தட்டுச்சு. முப்பது வருஷமா கை புடிக்கறதையெல்லாம் காலு சொல்லிப்போடுதுங்க. சந்தையில எல்லாத்துக்கும் தெரியும்."

தரகில் அவர் ஏன் உருப்படவில்லை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. சிரிக்க வாயைத் திறந்தேன். மச்சான் கண்ணில் நீர் நின்றது. மூடிக்கொண்டேன்.

"நாலு எனக்குக் கட்டாதுங்க," என்றாள் அக்கா.

துண்டு சற்று விலகியிருந்தது; அடியில் அவர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டாள். மறுபடியும் ஐந்தையும் பிடித்தாள்.

மச்சான் விட்டத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் இடது காலைப் பார்த்தேன். கட்டைவிரல் தட்டத் தொடங்கியது. எண்ணினேன். பத்து.