கதவில் சாத்திய துடைப்பம்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. படித்துவிட்டு, "களைப்பில் கனவு கண்டிருப்பாய்" என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் மருமகளும் அதைத்தான் சொன்னாள். களைத்திருந்தேன் என்பது உண்மை. ஆனால் களைப்பு ஒரு துடைப்பத்தைக் கொண்டுவந்து கதவில் சாத்தாது.

ஜனவரியில் என் கணவன் உர்ப்போவுக்கு மாரடைப்பு வந்தது. அவனும் நானும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் எங்களுக்குள் நீ, வா, போ என்றுதான் பேச்சு. மருத்துவமனையிலிருந்து அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு முழு இரவு தூங்கியதில்லை. அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே கொஞ்சம் தாமதமானால் எழுந்து மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் பானை தூக்கியவள் நான். அந்த வேலை கொடுக்காத அசதியை இந்த மூன்று மாதம் கொடுத்தது.

ஏப்ரல் பிறந்ததும் அவன் ஆரம்பித்தான்.

"ஏரி இளகுறதுக்குள்ள வடக்க போய் ஒரு தடவ மீன் புடிச்சுட்டு வந்துடலாம், டெல்லர்வோ."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"சந்தோஷமா இருக்கச் சொன்னாரு. இங்க உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிச் சந்தோஷமா இருக்கறது?"

மறுத்துப் பேசவும் எனக்குத் தெம்பு இல்லை. எங்கள் பழைய கேம்பர் வேனை வெளியே எடுத்தோம். எப்போதும் அவன்தான் ஓட்டுவான். இந்த முறை நான். இரண்டு நாள் பாதை. வழி நெடுக "பிரேக்கை மெதுவா மிதி, பனி வழுக்கும்" என்று ஓதிக்கொண்டே வந்தான். "இன்னொரு வார்த்தை பேசினா இங்கேயே எறக்கிவிட்டுடுவேன்" என்றேன். அவன் சிரித்தான். சிரிக்கும்போது கை தானாக நெஞ்சுக்குப் போனது. நான் பார்க்காதது போல் ஓட்டினேன்.

இனாரி என்ற ஊருக்கு வடக்கே, கடைசிக் கடையையும் தாண்டி, போன் சிக்னல் இல்லாத ஒரு ஏரி அது. சாலையிலிருந்து பனி வாரும் வேலை ஹெய்க்கா என்பவருடையது. அறுபது வயது இருக்கும். சாலை பிரியும் இடத்தில் அவர் வீடு. உர்ப்போவின் நிலைமையைச் சொன்னேன். தினம் மாலை ஆறு மணிக்குப் பனி ஸ்கூட்டரில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவதாக வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் நான் அங்கே தங்கச் சம்மதித்தேன்.

அவர் நிறுத்தச் சொன்னது படகுத்துறையில். அங்கே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி, பிர்ச் மரங்களுக்கு நடுவில் ஒரு சதுரமான வெட்டவெளி இருந்தது. தரை சமமாக இருந்தது. அங்கே நிறுத்தினேன்.

முதல் நாள் ஆறு மணிக்கு ஹெய்க்கா வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"இங்கயா நிறுத்தியிருக்கீங்க?"

"ஏன், இது யாரோடயாவது எடமா?"

"இல்ல... இப்ப யாரோடதும் இல்ல. காத்து அடிக்கும், அதான்."

காற்றே இல்லை.

அன்று இரவு படுத்ததும் ஒரு சத்தம். டொக். டொக். டொக். நிறுத்தி, மறுபடியும் டொக். டொக். டொக்.

"ஏரி" என்றான் உர்ப்போ, கண்ணைத் திறக்காமல். வசந்தம் தொடங்கும்போது பனிக்கட்டி விரிசல் விட்டுச் சத்தம் போடும். சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம்தான். ஆனால் இது ஏரிப் பக்கமிருந்து வரவில்லை. உர்ப்போ படுத்திருந்த பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது.

வேன் குளிர்ந்து சுருங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கும் அலுப்பாக இருந்தது.

காலையில் கதவைத் தள்ளினேன். ஏதோ தடுத்தது. பிறகு சரிந்து விழுந்தது.

ஒரு துடைப்பம்.

பிர்ச் குச்சிகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டிய பழைய வகை. எங்கள் ஊர்ப் பக்கங்களில் வீட்டைப் பூட்டுகிற வழக்கம் குறைவு. வெளியே கிளம்பும்போது துடைப்பத்தைக் கதவில் குறுக்காகச் சாத்திவிட்டுப் போவோம். வீட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவார்கள்.

நாங்கள் இருவரும் உள்ளேதான் இருந்தோம்.

விடியற்காலையில் புதுப் பனி விழுந்திருந்தது. வேனைச் சுற்றி ஒரு காலடித் தடம் கூட இல்லை.

"ஹெய்க்கா விளையாடுறான்" என்றான் உர்ப்போ. "இல்லேன்னா உன்ன யாரோ கூட்டிப் பெருக்க வந்தவள்னு நெனச்சிருக்கான்."

"உன்னப் பெருக்கித் தள்ளச் சொல்லி வெச்சிருப்பான்."

குச்சி நன்றாகக் காய்ந்திருந்தது. அவனே அதை முறித்து, வெளியே கல் கூட்டி வைத்த அடுப்பில் போட்டான். அந்தத் தீயில்தான் கரிப்பிடித்த கெட்டிலில் காப்பி கொதித்தது. குடித்தோம். சாம்பலில் கம்பி வளையம் மட்டும் மிஞ்சிக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பகலில் அவன் பனிக்கட்டித் துளையில் நான்கு மீன் பிடித்தான். துளை போடும் வேலையை நான்தான் செய்தேன். அவன் மடக்கு நாற்காலியில் அமர்ந்து தூண்டிலை ஆட்டினான். முகத்தில் வெயில். ஜனவரிக்குப் பிறகு அந்த முகத்தில் ரத்தம் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். வந்தது நல்லதுதான் என்று தோன்றியது.

நான்கு மணிக்கு வேனுக்குள் வந்தோம். ஏரி வெளிச்சம் கண்ணை எரித்தது. அவன் படுத்தான். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை என் ஜாக்கெட் பையில் இருந்தது. அதை வெளியே எடுத்து அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

உட்கார்ந்துகொண்டு நினைத்தேன். அதுதான் தப்பு.

ஹீட்டர் மெல்ல உறுமியது. ஐந்தே ஐந்து நிமிஷம்...

தூங்கிவிட்டேன்.

தூக்கத்திலேயே எனக்குத் தெரிந்தது... யாரோ என் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். போர்வையைப் பாதத்துக்கு அடியில் மடித்துச் சொருகினார்கள். நான் அப்படிச் சொருகுவதே இல்லை. உர்ப்போவுக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது.

நெற்றியில் ஒரு கை. குளிர்ந்த கை. ஆனால் இதமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது... அவ்வளவு இதம்.

தூரத்தில் ஒரு இன்ஜின் சத்தம். பனி ஸ்கூட்டர். ஆறு மணி ஆகிவிட்டது என்று புரிந்தது.

சத்தம் நெருங்கியது. வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஹெய்க்கா... என்று கூப்பிட நினைத்தேன். குரல் வரவில்லை. விரல் அசையவில்லை.

இன்ஜின் கொஞ்ச நேரம் அங்கேயே ஓடியது.

பிறகு திரும்பியது.

தூரமாகி... தூரமாகி... ஓய்ந்தது.

அமைதி.

அந்தக் கை என் தலைமுடியைக் கோதிவிட்டது.

டொக். டொக். டொக்.

கை நின்றது.

டொக்! டொக்! டொக்!

கண்ணைத் திறந்துவிட்டேன்.

வேனுக்குள் நீல வெளிச்சம். கடிகாரத்தில் ஏழு இருபது. உர்ப்போவின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அவன் பார்த்தது என்னை அல்ல. எனக்குப் பின்னால் எதையோ பார்த்தான்.

அவனுடைய இரண்டு கைகளும் போர்வைக்கு உள்ளே இருந்தன. தட்டியது அவன் இல்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அதற்காக வருத்தப்படவும் இல்லை. மாத்திரையை அவன் நாக்கின் அடியில் வைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே இறங்கினேன்.

கதவிலிருந்து ஏதோ சரிந்து என் காலில் விழுந்தது.

அதே பிர்ச் குச்சி. அதே கம்பிக் கட்டு.

நான் கத்தவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை. முன்பக்கம் ஓடி ஏறி வண்டியைக் கிளப்பினேன். பின்னாலிருந்து அவன் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அது கேட்கிறவரை போதும் என்று ஓட்டினேன்.

சாலை பிரியும் இடத்தில் ஹெய்க்கா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். ஹாரனை விடாமல் அடித்தேன். ஓடிவந்து, உள்ளே எட்டிப் பார்த்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவரே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். சிக்னல் கிடைக்கும் இடம் வந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். அது எதிரே வருவதற்குள் முடிந்தவரை ஓட்டினோம்.

"ஆறு மணிக்கு வர்றேன்னீங்களே?" என்றேன்.

"வந்தேனே! கதவுல துடைப்பம் சாத்தியிருந்துச்சு. ஏரிக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சுத் திரும்பிட்டேன்."

"எங்ககிட்டத் துடைப்பமே கெடையாது, ஹெய்க்கா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தார்.

உர்ப்போ பிழைத்தான். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். மறுநாள் மருத்துவமனை வராந்தாவில், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே ஹெய்க்கா சொன்னார்.

"நீங்க நிறுத்துன எடத்துல ஒரு வீடு இருந்துச்சு. எய்னார், சைமான்னு புருஷன் பொண்டாட்டி. எய்னாருக்குப் பக்கவாதம். எழுந்திருக்க முடியாது, பேச்சும் வராது. சைமாதான் நாலு வருஷமா பாத்துக்கிட்டா. ராத்திரி பகல் கெடையாது. கடைக்கு வர்றப்ப எல்லார்கிட்டயும் சொல்லுவா, 'யாரும் கதவத் தட்டாம ஒரே ஒரு நாள் தூங்கினாப் போதும்'னு."

"அப்புறம்?"

"ஒருநாள் கதவுல துடைப்பம் சாத்தியிருந்துச்சு. மக வந்து ரெண்டு பேரையும் தெக்க கூட்டிட்டுப் போயிட்டா போலன்னு நெனச்சோம். போறவன் வர்றவன் எல்லாம் துடைப்பத்தப் பாத்துட்டுத் திரும்பினான். ரெண்டு வாரம் கழிச்சு மக வந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சைமா முன்கதவுல துடைப்பத்தச் சாத்திட்டு, விறகுக் கொட்டகை வழியா உள்ள போய்ப் படுத்திருக்கா. படுத்தவ எழுந்திருக்கல. தூக்கத்துலயே போயிட்டா."

"எய்னார்?"

அவர் தொப்பியைப் பார்த்தார்.

"அவன் உடனே சாகல. கட்டிலை ஒட்டின சுவர்ல மரம் குழிஞ்சு போயிருந்துச்சு. கரண்டியால தட்டியிருக்கான். நாள்கணக்கா."

"யாருக்கும் கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஏரி வெடிக்குதுன்னு நெனச்சோம்."

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார்.

இதில் ஒரு வார்த்தையும் நான் உர்ப்போவிடம் சொல்லவில்லை. அவன் இதயம் அதைத் தாங்காது. துடைப்பத்தை அவனும் மறந்துவிட்டான். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆன பிறகு, காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் தானாகவே பேச்செடுத்தான்.

"ஹெய்க்கா பொண்டாட்டிக்கு ஒரு காப்பிப் பொட்டலம் அனுப்பிடு. மறந்துடாத."

"யாருக்கு?"

"அன்னைக்கு வேன்ல வந்து உக்காந்திருந்தாளே. வயசான பொம்பள. உனக்குப் போர்வையெல்லாம் போத்திவிட்டா. நல்லவதான்... கொஞ்சம் புடிவாதக்காரி." கோப்பையைக் கீழே வைத்தான். "நெஞ்சு வலிச்சதும் உன்னக் கூப்பிட்டேன். விடல. என் வாயப் பொத்திட்டா. 'சத்தம் போடாத, அவ ஜனவரிலேர்ந்து தூங்கல'ன்னா."

ஹெய்க்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

காப்பிப் பொட்டலம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். உர்ப்போ வாரம் ஒருமுறை கேட்கிறான், அனுப்பிவிட்டாயா என்று. அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.