கடதாசியில் இளமையானவன்

நானும் ஈக்குவடோரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்கிறோம். லிப்ட் இல்லாத பழைய கட்டடம். தரை தேய்க்கும் மெஷினைப் படிகளில் தூக்குவது எப்போதும் நான்தான். அவருக்கு அறுபத்து நான்கு. கடதாசியில் எனக்கு அறுபத்தொன்று.

"நீ சின்னவன், நீ தூக்கு" என்பார், தெரிந்த ஆங்கிலத்தில்.

உண்மையில் எனக்கு அறுபத்தேழு. அகதியாகப் புறப்பட்டபோது ஏஜென்சிக்காரன் என்னை மாணவனாகக் காட்டி அனுப்புவதற்காக ஆறு வயதைக் குறைத்துவிட்டான். இருபத்தெட்டு வயதில் அது எனக்குப் பகிடியாக இருந்தது. போன வருடம் பிள்ளைகள் கோயிலில் அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தபோதுகூட, விஷயம் தெரிந்த மனைவி தலையைக் குனிந்து சிரித்தாள்.

போன மாதம் பென்சன் கடிதம் வந்தது. இன்னும் ஆறு வருடம் வேலை செய்ய வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கோபிப்பது? அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஊரிலிருந்து எடுப்பித்த, உண்மையான வயதுள்ள பிறப்புச் சான்றிதழை அலுமாரியிலிருந்து எடுப்பேன், பார்ப்பேன், திரும்ப வைப்பேன்.

தமிழில் ஆலோசனை சொல்லும் நிலையமொன்றுக்குப் போய்க் கேட்டேன்.

"திருத்தச் சொல்லிக் கேக்கலாம், ஐயா. ஆனா அண்டைக்கு ஏன் பொய் சொன்னனீங்கள் எண்டும் கேப்பினம்" என்றாள் அங்கே வேலை செய்யும் பிள்ளை.

நாங்கள் இருக்கும் பார்க்கிங் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, இருப்புக்கொள்ளாமல் இரண்டாவது தரிப்பிலேயே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தேன். முழங்கால் வலித்தது.

"பேசாமல் இருங்கோவன். பாஸ்போட்டைப் பறிச்சாங்கள் எண்டால்?" என்றாள் மனைவி.

"ஆறு வருசம் ஏலாதப்பா. அதுக்குள்ள செத்துப்போவன்."

"செத்தால் மரண அறிவித்தலில சரியான திகதியைப் போடுறன். அப்ப ஒருத்தரும் விசாரிக்க மாட்டினம்."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. என் வயதை நான் செத்த பிறகுதானா சொல்ல வேண்டும்? இரவு முழுக்கப் புரண்டேன்.

விடிய, படியடியில் மெஷினை வைத்துவிட்டு அந்த ஈக்குவடோர்ப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப நான்தான் சின்னவள்" என்று சொல்லி, மெஷினின் பாரமான பக்கத்தைப் பிடித்தார்.

வேலை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்குச் சான்றிதழோடு ஆலோசனை நிலையத்தின் வாசலில் நின்றேன். கதவைத் திறந்த பிள்ளையிடம், "வயதைத் திருத்தச் சொல்லிக் கேப்பம்" என்றேன்.