என் தம்பி மகளுக்கு ஒரு டைக்கிரி

இந்த ஊரில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். பிரிஸ்பேனுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இன்றும் அந்தச் சின்ன வட்டத்தை நகத்தால் சுரண்டும்போது மருந்துச் சீசாவைப் பிரிப்பது போலத்தான் இருக்கிறது. பழம் பச்சைப்பசேலென்று கல்லாட்டம் இருக்கும். உள்ளே ஒரு விதைகூட இருக்காது. தஞ்சாவூர் மார்க்கெட்டில் இப்படி வைத்திருந்தால் காய் என்று ஒதுக்கிவிட்டு, மஞ்சளாகப் பார்த்துப் பொறுக்குவோம். அந்தப் புத்தியில் போன மாதம் ஆறு பழம் வாங்கி, பழுக்கட்டும் என்று ஜன்னலோரம் வெயிலில் வரிசையாக வைத்தேன். பத்து நாளில் ஒன்றிரண்டு லேசாக வெளிறின. மற்றவை தோல் சுருங்கிக் கோலிக்குண்டாயின. "அப்பா, இங்க லைம் பச்சையாத்தான் இருக்கும். அப்படியே பிழிய வேண்டியதுதான்" என்றான் மகன் கண்ணன். எதற்கு வாங்கினேன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கே சொல்லிவிடுகிறேன். என் தம்பி சேகரின் மகள் கயல்விழி, மேற்படிப்புக்காக இந்த ஊருக்கே வந்திருக்கிறாள். வார இறுதிகளில் ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றின் பாரில் மதுவகைகளைக் கலக்கிக் கொடுக்கும் வேலை. கண்ணன் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், எனக்குத்தான் தெரியாது. தெரிந்ததும் நானே போன் செய்தேன். வேலை எப்படி என்று கேட்டதற்கு, "மொதல்ல கத்துக் குடுத்தது டைக்கிரி பெரியப்பா. ரம்மு, லைம், சர்க்கரை. மூணே மூணு பொருளு" என்றாள். வேலையில்லாத ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவதாகவும் சொன்னாள். சேகர் என்னோடு பேசிப் பதினான்கு வருடமாகிறது. எனக்கு எழுபத்தாறு வயது. அவனிடம் போய்ச் சேர எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்தப் பெண். அவனை நான் தள்ளி வைத்தது ரம்மைக் காரணம் காட்டித்தான். அதே ரம்மை என் கையால் கலக்கி அவன் மகளுக்குக் கொடுத்துவிட்டால், வாயால் சொல்ல முடியாததைச் சொல்லியதாகும் என்று நினைத்தேன். படித்தவன் செய்கிற முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும்.

மதுக்கடையில் இருந்த இளைஞனிடம் வெள்ளை ரம் கேட்டேன். பார்ட்டியா என்று சிரித்தான். இல்லை, ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்றேன். அவன் முகம் உடனே கனிந்தது. மனைவியிடமா, அப்படியானால் ரம் சரிப்படாது, எதிரே பூக்கடை இருக்கிறது என்றான். என் மனைவி இறந்து பத்து வருடமாகிறது என்றதும் பதறிப்போய், மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு பில் போட்டான். இந்த நாட்டில் மன்னிப்பு அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன்; வீட்டில் அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் கேட்டதில்லை.

ரம் எனக்குப் புதிதல்ல. இதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக ஊர் ஊராகப் போவோம். தேர்வு முடிந்த மாலையில் லாட்ஜ் அறையைத் தாழிட்டுக்கொண்டு, அந்தக் கல்லூரியின் லேப் அட்டெண்டர் பீக்கரில் எலுமிச்சை பிழிந்து, ரம் ஊற்றி, சோடா கலந்து நீட்டுவார். குடித்துவிட்டு, கிராம்பு மென்று, மறுநாள் பஸ் பிடித்து, நெற்றியில் விபூதியோடு வீட்டுக்குள் நுழைவேன். ஒருவருக்கும் தெரியாது. சேகருக்கு லாட்ஜ் இல்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயலில், ஊரே பார்க்க, மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து குடித்தான். அதனால் அவன் குடிகாரன், நான் புரொபசர்.

அம்மா நான்கு மாதம் படுக்கையில் கிடந்தாள். குளிப்பாட்டியது, துணி மாற்றியது, கஞ்சி புகட்டியது எல்லாம் அவனும் அவன் மனைவியும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அம்மா இறந்த மறுநாள் காலையில் காரில் போய் இறங்கினேன். எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகனும் அம்மாவுக்கு இளைய மகனும் கொள்ளி வைக்க வேண்டும். சுடுகாட்டில் மொட்டை போட்டுக்கொள்ள அவன் உட்கார்ந்துவிட்டான். நாவிதர் தலையை நனைத்தும்விட்டார். பக்கத்தில் போனபோது வாடை அடித்தது.

"எந்திரிடா. இந்த நாத்தத்தோட அம்மாவுக்குக் கொள்ளி வைக்கப் போறியா?"

"ராத்திரி கொஞ்சம் அண்ணே. தாங்க முடியல. இப்ப நெதானமாத்தான் இருக்கேன்."

"எந்திரின்னா எந்திரி."

"ஆத்தாளுக்கு இளையவன்தானப்பா வைக்கணும்" என்றார் பெரியவர் ஒருவர். குடித்தவன் தொடக் கூடாது என்று நான் சொன்ன குரல் வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். எழுந்துவிட்டான். நனைந்த தலையிலிருந்து சட்டையில்லாத முதுகில் நீர் வழிய, வரப்பில் போய் நின்றான். அவன் எழுந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். கொள்ளியும் நானே வைத்தேன். அதன்பிறகு அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வந்து காலில் விழட்டும் என்று நானும் சில வருடம் காத்திருந்தேன். அந்த வெட்கக்கேட்டையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமை, மகனும் மருமகளும் கடைக்குப் போயிருந்தார்கள். அடுக்களையில் தனியாக நின்றபோதுதான் எனக்கு எலுமிச்சம்பழம் பிழியக்கூடத் தெரியாது என்பது தெரிந்தது. அட்டெண்டர் பிழிந்தார், மனைவி பிழிந்தாள், நான் குடித்தேன். முதல் பழத்தில் பாதிச் சாறு முழங்கை வழியாகப் போனது. வீட்டு எலுமிச்சை ஜூஸ் நாக்கில் பழகிய பழக்கத்தில் கை தானாக ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி பிழிந்தேன். சர்க்கரையை நேராக ரம்மில் போட்டேன். குளிர்ந்த சாராயத்தில் சர்க்கரை கரையாது என்பதை முப்பத்தோரு வருடம் பாடமாக நடத்தியவன் நான். அடியில் மணலாட்டம் தங்கியது. அதையும் கொட்டி, வெந்நீரில் பாகு காய்ச்சினேன். மருமகளின் டப்பாவில் ஐஸ் போட்டு மூடிக் குலுக்கினேன். குளிரில் உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகிக்கொண்டது. ஏன் இறுகியது என்று எனக்குத் தெரியும். எப்படித் திறப்பது என்றுதான் தெரியவில்லை. தொட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டியதும் திறந்து, முக்கால்வாசி என் சட்டையில் கொட்டியது. அப்படியொரு ஆத்திரம் எனக்கு எந்த மாணவன் மேலும் வந்ததில்லை. நான்காவது தடவையில் ஒரு கிளாஸ் தேறியது. அப்போதுதான் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் சேகரின் நெற்றி, சேகரின் மூக்கு. என் சட்டையைப் பார்த்துத் திகைத்தவள், அடுக்களைக்குள் வந்ததும் சிரித்துவிட்டாள்.

"என்ன பெரியப்பா இது, லேப்பா? உப்பு டப்பா எதுக்கு வெளிய இருக்கு?"

"உனக்குத்தாம்மா. டைக்கிரி." இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "எனக்குப் பழக்கம் இல்ல பெரியப்பா. கலக்கிக் குடுக்கிறது என் வேலை. குடிக்கிறது கஸ்டமர் வேலை." பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்ல யாருமே தொடறதில்ல. அப்பாவும் விட்டுப் பதினாலு வருஷம் ஆச்சு. அப்பாயி செத்த அன்னியோட சரி."

அங்கே இருந்து வந்தவர்களுக்கு இது புரியும். நாம் கிளம்பிய அன்றே ஊர் அப்படியே நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். என் தம்பி பதினான்கு வருடமும் என் மனதில் குடித்துக்கொண்டே இருந்தான். அவன் மகளிடம் மன்னிப்பென்று நான் நீட்டியதுகூட, உன் அப்பன் குடிகாரன் என்று இன்னொரு முறை சொன்னதாக ஆகிவிட்டது.

"அப்பாவைக் கூப்பிட்டுத் தர்றியாம்மா?" என்றேன். அவள் யோசித்துவிட்டு வீடியோவில் அழைத்தாள். அங்கே முற்பகல், பின்னால் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது.

"சொல்லும்மா. அறுப்பு மிஷின் வந்திருக்கு, சுருக்கச் சொல்லு."

"பெரியப்பா பக்கத்துல இருக்காருப்பா" என்று போனைத் திருப்பினாள். தலை முழுக்க நரைத்திருந்தது அவனுக்கு. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான்.

"கையில என்ன அது?"

கிளாஸைக் கீழே வைக்க மறந்திருந்தேன். "ரம்முப்பா. எனக்காகக் கலக்குனாராம்" என்றாள் கயல்.

"நல்ல பெரியப்பாதான் போ."

கிளாஸை மேடையில் வைத்தேன். "சேகர், அம்மாவுக்கு நீதான்பா கொள்ளி வச்சிருக்கணும். நான் உன்னை எழுப்பினது தப்பு. நானும் குடிச்சவன்தான், ஒளிஞ்சு குடிச்சேன்" என்றேன்.

அவன் அறுப்பு மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அம்மாவுக்குத் திதி குடுக்கிறீங்களா அங்க?" என்று கேட்டான்.

கொள்ளி வைத்தவன்தான் வருடாவருடம் திதி கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் தஞ்சாவூரில் கொடுத்தேன். அப்புறம் மனைவியின் நோய், பிறகு இந்த நாடு. "இல்லப்பா" என்றேன்.

"தெரியும். கண்ணன் சொன்னான். வருஷாவருஷம் நான்தான் குடுத்துட்டு வர்றேன். வெண்ணாத்துப் படித்துறையில. கொள்ளி வச்சது யாருன்னு ஐயரு கேட்டாரு. அண்ணன், வெளிநாட்டுல இருக்காருன்னேன். அப்ப அவரு பேரைச் சொல்லி நீ குடுன்னாரு. உங்க பேருலதான் குடுக்கிறேன்."

"இனிமே உன் பேரைச் சொல்லிக் குடுப்பா. நான் எழுதித் தர்றேன்."

"எழுதிக் குடுத்தா ஆச்சாண்ணே? வச்சது நீங்க. அத யாரு மாத்துறது." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "மிஷின்காரன் கூப்பிடுறான். கயலு, சாப்ட்டியா? ஒடம்பப் பாத்துக்க." திரை அணைந்தது. அண்ணே என்று கூப்பிட்டான் என்பதை அவள் போன பிறகுதான் கவனித்தேன். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை, பழக்கமாகவும் இருக்கலாம்.

வருடத்துக்கு ஒரு நாள், அம்மா இறந்த தை மாதத்தில், வெண்ணாற்றில் முழங்காலளவு தண்ணீரில் என் பெயர் நிற்கிறது. என் தம்பியின் கையால் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறது, அம்மாவைக் கூப்பிடுகிறது, கரையேறித் துண்டைப் பிழிகிறது. அந்த நாட்களில் நான் இங்கே எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.