லினக்ஸ் அண்ணியின் சாம்ப்ளர்

என் அண்ணி லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், கிரீஸ் கையோடு நிற்பவர். அங்கே கேட்கிற உறுமலையும் உரசலையும் போனில் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வருவார். பஸ் ஓட்டும் என் அண்ணன், "நீ வேலைக்குப் போறியா, சத்தம் பொறுக்கப் போறியா?" என்று கேட்பான்.

அண்ணியின் பழைய லேப்டாப் விண்டோஸைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்கியபோது, அவரே அதை வழித்தெடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டார். அதன் பிறகு வேறு எதையும் சீந்தவில்லை. ஆனால் மவுஸை நகர்த்தி இசை செய்வதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. கையால் தட்டி வாசிக்க வேண்டும். பதிவு செய்த சத்தத்தை உள்ளே ஏற்றி, பொத்தானை அழுத்தி ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் ஒன்று, கம்ப்யூட்டர் துணை இல்லாமல் தானே ஓடுவதாக, வேண்டும் என்றார். மூவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். லேப்டாப்பும் கூடவே வந்தது.

கடைக்காரர் பெரிய திரை வைத்த ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுக்குள்ள சத்தத்த எப்படிங்க ஏத்தறது?" என்றார் அண்ணி.

"ஒரு சாஃப்ட்வேர் இருக்குங்க. விண்டோஸ், மேக் ரெண்டுலயும் ஓடும்."

"என்கிட்ட ரெண்டுமே இல்லையே. லினக்ஸ்."

கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

அடுத்து அவர் காட்டிய பெட்டி, லேப்டாப்பில் மாட்டியதும் திரையில் தெரிந்தது. ஆனால் சாதாரண ஒலிக்கோப்பைத் தின்னாது. மாற்றிக்கொடுக்க மறுபடியும் ஒரு சாஃப்ட்வேர்.

"ஏம்மா, பேசாம அந்த விண்டோஸையே திரும்பப் போட்டுத் தொலையேன்" என்று அண்ணன் முணுமுணுத்தான்.

"ஏங்க, நான் பெட்டி வாங்க வந்தேனா, பெட்டிக்கு வாக்கப்பட வந்தேனா?"

கீழ்த்தட்டில் தூசி படிந்து ஒரு சின்னது கிடந்தது. திரை தீப்பெட்டி அளவுதான். பக்கவாட்டில் மெமரி கார்டு. அண்ணி அதை உருவி லேப்டாப்பில் செருகினார். ஃபோல்டர் தானாகத் திறந்தது.

"அப்டேட் வந்தா?"

"அதையும் இதே கார்டுல போட்டு ஆன் பண்ணா போதுங்க."

அண்ணியின் முகம் மலர்ந்தது. லேப்டாப்பில் இருந்த மோட்டார் உறுமலைக் கார்டில் போட்டு, பெட்டியில் சொருகி, அதைக் கடை ஸ்பீக்கரோடு இணைத்து, ஒரு பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் உறுமியது. குமிழைத் திருகிச் சுருதியைத் தாழ்த்தினார். இன்னும் தாழ்த்தினார்.

லிஃப்ட் காணாமல் போனது. பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வாயை மூடியபடி ஒரே சுருதியில் முனகுவதுபோல் ஓர் ஒலி எழுந்தது. இன்னும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். தரை அதிர்ந்து என் பாதம் வழியாக ஏறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூலையில் கிட்டாரை மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். கடைக்காரர் ஸ்பீக்கரையே வெறித்தார்.

அண்ணி கையை எடுத்தார். ஒலி மெல்ல அடங்கியது.

"இத்தன வருஷமா இது என் பக்கத்துலயே இருந்திருக்கு பாரேன்" என்றார் என்னிடம்.

அதையேதான் வாங்கினோம்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் டூட்டி முடிந்து வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, பஸ் கதவு மூடறப்ப ஒரு பெருமூச்சு விடுது. இன்னிக்குத்தான் கவனிச்சேன். நாளைக்கு என்கூட வந்து அத ஒரு தடவ கேக்கறியா?"